ஜேபெஸ் ஓல்டமின் கூஸ்பெரிக்குக் குடை பிடித்தவர்

நெதர் பிக்லி கிராமத்தில் பிறக்கிறவர்களை முதன்முதலாகக் கழுவுவதும், இறக்கிறவர்களைக் கடைசியாகக் கழுவுவதும் கெசியா டட்டனின் வேலை. நடுவில் இருக்கும் அறுபது எழுபது வருஷத்துக்கு அவரவர் தாங்களே கழுவிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பது கடைசிக் கழுவலில் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் கெசியா ஊரார் துணியை வெளுத்தாள். ஆகவே அவளுக்குத் தெரியாத அழுக்கு என்று அந்த ஊரில் ஒன்றும் கிடையாது.

ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் ஜேபெஸ் ஓல்டமைக் கழுவும் முறை வந்தது. ஜேபெஸ் மாவு மில்லை விற்றுவிட்டுச் சும்மா இருந்த பிரம்மச்சாரி. தன் தோட்டத்தில், நெல்லிக்காய் போலக் காய்க்கும் கூஸ்பெரிச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தவரைப் பால்காரி பார்த்துக் கத்தினாள். பின்மண்டையில் ஒரு டீ சாஸர் அளவுக்குப் பள்ளம். ஒன்பது மணிக்கெல்லாம் கான்ஸ்டபிள் ஏமஸ் பில்லிங், கெசியாவின் புருஷன் ஈனாக்கைக் கைது செய்து, ஊரில் லாக்கப் இல்லாத காரணத்தால், தன் வீட்டு நிலக்கரி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

கொலைக் குற்றவாளியின் மனைவியே பிணத்தைக் கழுவுவது முறையா என்று பாதிரியார் லேசாக இழுத்தார்.

“அப்ப நீங்க கழுவுறீங்களா, சாமி?” என்றாள் கெசியா.

முறைதான் என்று உடனே முடிவாயிற்று.

ஈனாக் மேல் விழுந்த பழிக்குக் காரணம் அவனுடைய கழுதை. கழுதைகூட இல்லை, கழுதையின் விட்டை. நெதர் பிக்லி ஆண்கள் வருஷத்தில் பதினோரு மாதம் மனிதர்கள், ஜூலையில் கூஸ்பெரிக்காரர்கள். ஆளுக்கு இரண்டு முட்செடி, செடிக்கு ஒரே ஒரு காய். மற்றதையெல்லாம் மொட்டிலேயே கிள்ளிவிடுவார்கள். அந்த ஒற்றைக் காயின் நுனி மட்டும் தொடும்படி கீழே ஒரு சாஸரில் தண்ணீர் வைத்து, பிள்ளைக்குப் பால் புகட்டுவது போலப் புகட்டுவார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை ‘கருப்புப் பன்றி’ மதுக்கடையில் தங்கம் நிறுக்கும் தராசில் எடை போடுவார்கள். அதிக எடைக்குப் பரிசு ஒரு செம்புக் கெண்டி. ஜேபெஸ் தொடர்ந்து ஒன்பது வருஷம் ஜெயித்தவர். அறுபத்தொன்பதாம் வருஷம் அவர் கொண்டுவந்த கூஸ்பெரியைத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கூடை போதுமானதாக இருந்தது.

காய் பெருக்க, கழுதை விட்டைக்கு இணை கிடையாது என்று ஜேபெஸ் நம்பினார். ஆகவே ஈனாக்கின் கழுதை ஊருக்குள் எங்கே போனாலும் ஒரு வாளியோடு நாலடி பின்னால் போவார். வியாழக்கிழமை மத்தியானம் ‘கருப்புப் பன்றி’யில் ஈனாக் நாற்பது பேருக்கு நடுவே எழுந்து நின்று, “இன்னொரு தடவை என் கழுதைப் பின்னால வந்தே, உன்னையே வெட்டி உன் செடிக்கு உரமாப் போடுவேன்!” என்று கத்தினான். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு ஜேபெஸ் வீட்டு வாசலில் நின்றும் கத்தினான். அதைக் கான்ஸ்டபிளே கண்ணால் பார்த்தார். மறுநாள் ஜேபெஸ் உரம் போலவே கிடந்தார். இதற்கு மேல் ஒரு கான்ஸ்டபிளுக்கு என்ன வேண்டும்?

“ஏமஸ், எம் புருஷனை விட்டுடு” என்றாள் கெசியா, பிணத்தின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

“எப்படி விடறது, கெசியாம்மா? நாளைக்கு மரண விசாரணை. ஜூரி தலையாட்டிட்டா நேரா ஜில்லாக் கோர்ட்டு.”

“அப்புறம்?”

“அங்கே போய்ட்டு வர்றவங்க கழுத்து ரெண்டு அங்குலம் நீண்டுதான் வருது.”

“நீ பொறந்தப்ப உன்னைத் தலைகீழாப் புடிச்சு முதுகுல தட்டினவ நான். இன்னும் ரெண்டு பலமாத் தட்டியிருக்கணும்.”

ஈனாக் ஒன்றும் பெரிய சொத்து இல்லை என்பது கெசியாவுக்கும் தெரியும். வேலைக்கு எழுப்பினால் முதுகுவலி, சாப்பாட்டுக்கு எழுப்பினால் முதுகுவலி போய்விடும். ஆனாலும் முப்பத்தொரு வருஷமாகப் பழகிய மனுஷன். அன்று காலை அவள் அடுப்படியில் நின்று வழக்கம் போல இரண்டு கோப்பை டீ ஊற்றிவிட்டு, இரண்டாவது கோப்பை ஆறுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டையும் தானே குடித்துவிட்டுப் புறப்பட்டாள்.

ஜேபெஸின் சட்டையைக் கழற்றியபோது அவள் கை நின்றது. முதுகுப் பக்கம் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். மார்புப் பக்கம் வெறும் புழுதி, மாவு மாதிரி.

“மழை எத்தனை மணிக்கு வந்துச்சு, ஏமஸ்?”

“ஆறுக்கு. சர்ச் மணி அடிக்கும்போது பிடிச்சது, ராத்திரி பூரா விடலை.”

“அப்ப இவர் ஆறு மணிக்கு முன்னாடியே விழுந்துட்டார். காஞ்ச மண்ணுல விழுந்திருக்கார், அப்புறம் முதுகு நனைஞ்சிருக்கு. வா, தோட்டத்தைக் காட்டு.”

தோட்டத்தில் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது, ஒரு செடியைத் தவிர. அந்தச் செடிக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடை. காற்றில் பறக்காமல் முளைக்குச்சியோடு சேர்த்து அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. அதன் கீழே, ஒரு சொட்டு மழை படாமல், கோழிமுட்டையை வெட்கப்பட வைக்கும் அளவுக்கு ஒரு கூஸ்பெரி தொங்கியது. அதைப் பார்த்ததும் கான்ஸ்டபிள் ஏமஸ் தொப்பியைக் கழற்றினார். பிணத்துக்குக்கூட அவர் கழற்றவில்லை. அவரும் கூஸ்பெரிக்காரர்தான்.

“இந்தக் குடையை யார் விரிச்சா?” என்றாள் கெசியா.

“ஜேபெஸ்தான். அவ்வளவு வெயிலுக்கப்புறம் பெரிய மழை பட்டா காய் படார்னு வெடிச்சுடுமே. அதுக்குத்தான் குடை.”

“வெயில் அடிக்கும்போதே விரிச்சு வைப்பீங்களா?”

ஏமஸ் முகம் சுளித்தார். “கடைசி வாரத்துலயா? வெயிலை மறைக்கிறவன் கூஸ்பெரிக்காரனே இல்லை, கெசியாம்மா. முதல் சொட்டு விழற வரைக்கும் குடை கொட்டகையிலதான் இருக்கும். ஆறுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது இந்த வேலியோரமா நானே வந்தேன். அப்பக்கூடக் குடை விரிச்சிருக்கல. கூப்பிட்டுப் பார்த்தேன், ஜேபெஸ் பதில் சொல்லலை. அவர் எப்பவும் பதில் சொல்ல மாட்டார்.”

“அப்பவே செத்துக் கிடந்திருக்கார், மண்டு. மழைக்கு முன்னாடி அவர் குடை விரிக்க மாட்டார். மழைக்குப் பின்னாடி அவர் உசுரோட இல்லை. அப்ப விரிச்சது யாரு?”

ஏமஸ் குனிந்து காயைப் பார்த்தார். “யாரா இருந்தாலும் செய்வாங்க. அது தர்மம்” என்றார்.

“ஒரு மனுஷன் மண்டை உடைஞ்சு நனையறான். பக்கத்துல காய்க்குக் குடை. இதா தர்மம்?”

“காய் என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார் ஏமஸ், மனப்பூர்வமாக.

கெசியாவுக்கு அந்த நிமிஷமே பாதி விளங்கிவிட்டது. மழைக்குள் நின்று, பிணத்தைத் தாண்டிப் போய், கொட்டகையிலிருந்து குடையை எடுத்து வந்து, அவசரமில்லாமல் முடிச்சுப் போட்டவன் கூஸ்பெரிக்காரன்தான். ஈனாக் இல்லவே இல்லை. வெளுத்துக் காயப் போட்ட துணி மழையில் நனைவதை வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவன் அவன். நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான், பதினாறு படுக்கை விரிப்பு.

“இதை விசாரணையில சொல்லு, ஏமஸ். எம் புருஷன் மழையில எதையும் எடுத்து வச்சதே கிடையாது.”

“அது ஒரு சாட்சியா? சிரிப்பாங்க. வேற யாருன்னு பேர் சொல்லுங்க, அவரை விடறேன்.”

பேர் சொல்ல வேண்டும். ஊர்க் கூஸ்பெரிச் சங்கத்தில், கான்ஸ்டபிளைச் சேர்க்காமல், பதின்மூன்று பேர், இப்போது பன்னிரண்டு. ஜேபெஸைக் கொல்ல ஆசைப்படாதவர் ஒருவரும் கிடையாது; அதை அவர்கள் மறைத்ததும் இல்லை.

அன்று சாயங்காலம் மேஜை விரிப்புகளைக் கொடுக்க ‘கருப்புப் பன்றி’க்குப் போனாள். கடைக்காரர் தோர்லிதான் போட்டிக்கு எடை போடுகிறவர். தராசைத் தோல்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் போட்டி உண்டா, இல்லையா?” என்றாள்.

“என்ன கேள்வி? பத்து மணிக்கு மரண விசாரணை, பன்னிரண்டுக்கு எடை. ரெண்டுக்கும் இதே அறைதான், ஜூரியும் இதே பன்னிரண்டு பேர்தான். சௌகரியம்.”

“ஜேபெஸ் காய்?”

“அவர் டிசம்பர் வரைக்கும் உறுப்பினர். செத்துட்டார்ங்கிறதுக்காகப் பேரை எடுக்க முடியுமா? நானும் ஏமஸும் போய் முறைப்படி பறிச்சு, பெட்டியில வச்சு முத்திரை போட்டுட்டோம்.” தோர்லி குரலைத் தாழ்த்தினார். “பாவம் சைலஸ். பத்தாவது வருஷமும் ரெண்டாவதா வரப்போறார்.”

சைலஸ் லோ செருப்புத் தைப்பவர், சங்கத்தின் செயலாளர், ஈயிடமும் மன்னிப்புக் கேட்டு விரட்டும் சாது. ஒன்பது வருஷமாக இரண்டாம் இடம். சுவரில் தொங்கிய சங்க விதிகளை அழகான கையெழுத்தில் எழுதி, சட்டம் போட்டு மாட்டியவர் அவரே. கெசியா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். பதினாலாவது விதியில் விரல் நின்றது. அதற்குக் கீழே அலமாரியில் பரிசுக் கெண்டி பளபளவென்று இருந்தது. வருஷா வருஷம் வாசலைப் பார்க்கும் அதன் மூக்கு இந்த வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அறை பிதுங்கியது. டவுனிலிருந்து வந்த விசாரணை அதிகாரி ஹாரக்ஸ் ஐயாவுக்குப் பன்னிரண்டே காலுக்கு ரயில். கையில் கடிகாரத்தைத் திறந்தே வைத்திருந்தார். ஒரு பக்கம் பன்னிரண்டு ஜூரிகள், மடியில் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் காய். இன்னொரு பக்கம் கரி பூசிய முகத்தோடு ஈனாக்.

“என்ன மனுஷன்யா இந்த ஏமஸ், வெண்ணெய் தடவாத ரொட்டி தரான்” என்று அவன் கெசியாவைப் பார்த்து முறையிட்டான்.

“வாயை மூடும். தலை போற சமயத்துல வெண்ணெயாம்.”

கெசியா பிணம் கழுவியவள் என்ற முறையில் சாட்சி சொன்னாள். முதுகு ஈரம், மார்பு புழுதி, குடை. ஹாரக்ஸ் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார்.

“குடையைப் பத்தி எனக்கு அக்கறை இல்லைம்மா. முடிச்சாச்சா?”

“உங்களுக்கு இல்லைய்யா. இவங்களுக்கு இருக்கு.” அவள் தோர்லி பக்கம் திரும்பினாள். “மிஸ்டர் தோர்லி, பதினாலாம் விதியைப் படிங்க.”

தோர்லி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: “காய்க்கு உரியவரும் அவர் வீட்டாரும் தவிர வேற்றார் எவரேனும் காயைப் பேணினால், அந்தக் காய் எடைக்கு ஏற்கப்படாது. பேணியவர் சபையில் எழுந்து நின்று, தாம் செய்தது இன்னதென்று சத்தியம் செய்தால் அன்றி.”

“ஜேபெஸ் காய்க்குக் குடை பிடிச்சது ஜேபெஸ் இல்லை. அவருக்கு வீட்டாரும் இல்லை. அப்ப?”

ஒரு கொலை நடந்திருக்கிறது என்பதே அறையில் எல்லோருக்கும் இப்போதுதான் உறைத்தது போல இருந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தோர்லி மேஜையைத் தட்டினார்.

“விதி விதிதான். யாராவது எழுந்து சொன்னா உண்டு. இல்லைன்னா ஜேபெஸ் காய் தள்ளுபடி. அப்படின்னா...” அவர் முகம் மலர்ந்தது. “சைலஸ்! ஜெயிச்சாச்சுய்யா! பத்து வருஷத்துக்கப்புறம் ஜெயிச்சாச்சு! அவர் காய்க்கு ஈடா வேற எவன்கிட்ட இருக்கு?”

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்தவர்கள் சைலஸின் முதுகில் அறைந்தார்கள். கெசியா கை தட்டவில்லை. அவள் சைலஸின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த மனுஷனின் முகம், கல்யாணத்தன்று பெண் மாறிப் போன மாப்பிள்ளையின் முகம் போல இருந்தது.

“வாழ்த்துக்கள், மிஸ்டர் லோ” என்றாள் கெசியா இனிமையாக. “எடை போடாமலே கெண்டி. ‘அந்தக் கிழவன் செத்ததால ஜெயிச்சவர்’னு உங்க பேரன் காலத்துலயும் பேசுவாங்க.”

சைலஸ் எழுந்தார். மடியிலிருந்த பெட்டியை முதலில் பத்திரமாக மேஜையில் வைத்தார்.

“இப்படி ஜெயிக்க எனக்கு வேண்டாம். அந்தக் காயை நிறுங்க. சத்தியமாச் சொல்றேன், நான் குடை மட்டும்தான் விரிச்சேன். சாஸர்ல மழைத்தண்ணி நிரம்பக் கூடாதேன்னு அதை எடுத்து வச்சேன். வேற எதையும் தொடலை. சர்க்கரைத் தண்ணி, பால், ஒண்ணும் கிடையாது.”

“நல்லது. ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்றார் தோர்லி.

ஹாரக்ஸ் ஐயா கடிகாரத்தை மூடினார். “ஒரு நிமிஷம். அப்ப மிஸ்டர் ஓல்டம் எங்கே இருந்தார்?”

“பக்கத்துலதான். செத்துக் கிடந்தார்.”

“செத்துட்டார்னு உமக்கு எப்படித் தெரியும்?”

“அடிச்சதே நான்தானேங்க” என்றார் சைலஸ், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல.

பிறகு அவரே விவரம் சொன்னார். செயலாளர் என்ற முறையில் புதுக் கெண்டியைத் தேய்த்து மெருகேற்றி எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு ஜேபெஸிடம் காட்டப் போயிருக்கிறார். ‘இந்த வருஷம் இது எனக்குத்தான், பாருங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லத்தான்.

“அவர் சிரிச்சார். ‘வீட்ல ஒன்பது கெண்டி இருக்கு, பத்தாவதுல கோழிக்குத் தண்ணி வைக்கவா? எனக்கு அலுத்துப் போச்சு, சைலஸ். நான் போட்டிக்கே வரலை. கெண்டியை நீயே வச்சுக்கோ’ன்னார். பத்து வருஷமா அந்த ஆளை ஜெயிக்கணும்னுதான் நான் காலையில எழுந்திருக்கிறேன். ‘காயை என்ன பண்ணப் போறீங்க’ன்னு கேட்டேன். ‘கஸ்டர்ட் போட்டுத் திங்கப்போறேன்’னு சொல்லி...” அவர் தன் பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டார். “கையை நீட்டினார். காம்புல விரலை வச்சுட்டார். ரெண்டு நாள் முன்னாடியே! வெறும் விரலால!”

ஜூரிகள் பன்னிரண்டு பேரும், சைலஸ் உள்பட, கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“கையில கெண்டிதான் இருந்துச்சு” என்று முடித்தார். “வேலி வரைக்கும் ஓடிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏமஸ் கூப்பிடற சத்தம் கேட்டு ஒளிஞ்சேன். அவர் போனதும் முதல் சொட்டு விழுந்துச்சு. மனசு கேக்கலை, திரும்பி வந்தேன்.”

கெசியா அலமாரிக்குப் போய்க் கெண்டியைத் திருப்பி வைத்தாள். சுவர்ப் பக்கம் இருந்த இடத்தில், ஜேபெஸின் பள்ளத்துக்குப் பொருத்தமாக, ஒரு நசுங்கல்.

“எம் புருஷனை மாட்ட விட்டுட்டுச் சும்மா இருந்தீங்களே, மிஸ்டர் லோ” என்றாள்.

“போட்டி முடிஞ்சதும் சொல்லத்தான் இருந்தேன், கெசியாம்மா. சத்தியமா. மன்னிச்சுக்கோங்க.” அவர் ஈனாக் பக்கமும் திரும்பித் தலை குனிந்தார். “நீங்களும்.”

“வெண்ணெய் இல்லாம ரெண்டு நாள்” என்றான் ஈனாக், மன்னிக்காமல்.

ஹாரக்ஸ் ஐயா அதற்குமேல் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. எடை போடுவதைப் பார்க்க நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு தட்டில் ஜேபெஸின் காய், இன்னொரு தட்டில் சைலஸின் காய். முள் ஆடியது, ஆடியது, கடைசியில் சைலஸ் பக்கம் சாய்ந்தது, ஒரு பார்லி மணி எடைக்கு. யாரும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் தராசு மறுபடி ஆடியிருக்கும்.

சைலஸ் கெண்டியை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் அதை வைத்திருந்தது சுமார் அரை நிமிஷம்.

“மன்னிக்கணும், மிஸ்டர் லோ” என்றார் ஏமஸ், மிகவும் மரியாதையாக. “அது சாட்சிப் பொருள்.”

ஜூரிகள் ‘பொறுக்க முடியாத தூண்டுதலால் நேர்ந்த சாவு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஹாரக்ஸ் ஐயா அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை என்றார். இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். கடைசியில் ஜில்லாக் கோர்ட்டில் தூக்கு இல்லாமல் பன்னிரண்டு வருஷத்தோடு போயிற்று. அங்கேயும் ஜூரியில் மூன்று பேர் கூஸ்பெரிக்காரர்களாக அமைந்தது சைலஸின் யோகம். சிறைக்குள் அவர் நட்ட செடியில் மூன்றாம் வருஷம் காய்த்த காயைத் தூக்க இரண்டு காவலர்கள் வேண்டியிருந்ததாம். நான் நேரில் பார்க்கவில்லை.

ஜேபெஸின் காயை யாருக்குக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கெசியா அதைக் கையில் எடுத்துக்கொண்டு, “தோர்லி, கஸ்டர்ட் இருக்கா?” என்றாள்.

“கெசியாம்மா, வேண்டாம்!” என்று பத்துக் குரல்.

“செத்தவர் கடைசி ஆசை. அவரைக் கழுவினவ நான், நான்தான் நிறைவேத்தணும்.”

எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கரண்டியை நக்கினாள்.

“புளிக்குது” என்றாள்.

பிணம் கழுவியதற்குக் கூலியாக அவளுக்கு அந்தக் கறுப்புக் குடை கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை அவள் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தபோது வானம் கறுத்து, திடீரென்று கொட்டியது. முட்டி வரை சேற்றோடு ஓடி வந்து வாசல் பக்கம் திரும்பினாள். கொடியில் பதினாறு படுக்கை விரிப்பும் சொட்டிக்கொண்டிருந்தன. வாசற்படியில் ஈனாக், ஜேபெஸின் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சௌகரியமாக உட்கார்ந்திருந்தான்.

“வா, கெசியா. நல்ல மழை” என்றான்.

கெசியா வாயைத் திறந்தாள். இந்த மனுஷன் மழையில் எதையும் எடுத்து வைத்ததே கிடையாது என்று ஆறு நாளுக்கு முன்னால் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, குடைக்குள் பாதி இடத்தை இடித்துப் பிடித்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.